'டேக்' என்ற சொல்லுக்கு ஜப்பானிய மொழியில் என்ன?

கதவருகே நிற்கும் ஒருவர் எதையோ நீட்டி, 'டேக் திஸ்' என்கிறார். இதை ஜப்பானிய மொழியில் எழுத வேண்டும். நீட்டியது மாத்திரை என்றால் 'கொரெ நொந்தெ'. குடை என்றால் 'கொரெ மொத்தெ இத்தெ'. அன்பளிப்பு என்றால் வினையே வேண்டாம், 'தோஸொ' என்று சொல்லி நீட்டினால் போதும். பக்கத்தில் நிற்கும் குழந்தையைக் காட்டிச் சொன்னால் 'கொனொ கொ, ட்சுரெத்தெ இத்தெ'. சண்டைக் காட்சியில் ஓங்கிக் குத்திக்கொண்டே சொன்னால் 'குரயெ!'. இந்தக் கடைசிச் சொல்லின் நேர்ப்பொருள் 'தின்னு'. நாம் 'இந்தா, வாங்கிக்கோ!' என்போமே, அதே இடம்.

ஆங்கிலத்தில் வினை மாறவே இல்லை. ஜப்பானிய மொழியில் ஒவ்வொரு முறையும் மாறிவிட்டது. புதிதாகப் படிக்க வருபவர்கள் தடுமாறும் இடம் இதுதான். அகராதியில் 'டேக்' என்று தேடினால் முதலில் 'தொரு' என்று வரும். அதை மனப்பாடம் செய்துகொண்டு, எல்லா இடத்திலும் ஒட்டிப் பார்ப்பார்கள். ஒட்டாது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஆங்கில வினையை மொழிபெயர்க்கப் போகாதீர்கள். அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள், அதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள் என்று ஒரு கணம் யோசியுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். ஏனென்றால் வாக்கியம் கட்டும் முறையில் ஜப்பானிய மொழி ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குத்தான் பக்கம். தமிழும் சில இடங்களில் காலை வாரிவிடும். அந்த இடங்களையும் பார்த்துவிடுவோம்.

அதற்கு முன் உச்சரிப்பு பற்றி ஒரு குறிப்பு. ஜப்பானியச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். சொல்லின் நடுவில் க, த, ப ஒற்றையாக வந்தால் தமிழில் படிப்பது போலவே மென்மையாகவும், இரட்டித்து வந்தால் வல்லொலியாகவும் படியுங்கள். 'க' என்று தனியாக வரும் உருபு மட்டும் 'தங்கம்' என்பதில் உள்ள க போல ஒலிக்கும். சரியான ஒலியைக் காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

பெயர்ச்சொல்தான் வினையைத் தேர்ந்தெடுக்கிறது

முதலில் 'தொரு'வையே எடுத்துக்கொள்வோம். கையால் ஒன்றை எடுப்பது தொரு. அது தவிர, தமிழில் 'எடு' வரும் பல இடங்களில் அதுவும் வருகிறது. படம் எடுப்பது 'ஷஷின் ஒ தொரு'. குறிப்பு எடுப்பது 'நோத்தொ ஒ தொரு'. விடுமுறை எடுப்பது 'க்யூக்க ஒ தொரு'. வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்போமே, அதற்கும் 'ஹித்தொ ஒ தொரு'தான். இந்த வாக்கியங்களில் நடுவே வரும் 'ஒ' என்பதை நம் இரண்டாம் வேற்றுமை 'ஐ' என்று வைத்துக்கொள்ளலாம்.

காதுக்கு எல்லாமே தொரு. எழுதும்போதோ கதை வேறு. படம் எடுக்கும் தொருவுக்கு ஒரு கான்ஜி எழுத்து (சீனத்திலிருந்து வந்த, பொருளைக் குறிக்கும் எழுத்து), ஆள் எடுக்கும் தொருவுக்கு இன்னொன்று, பந்தையோ மீனையோ பிடிக்கும் தொருவுக்கு மற்றொன்று, திருடும் தொருவுக்கு வேறொன்று. ஆக, 'டேக்' என்றால் தொரு என்று படித்தவர் பேச்சில் தப்பித்தாலும் எழுத்தில் மாட்டிக்கொள்வார். பேச்சு ஒன்றாக வைத்திருப்பதை எழுத்து பிரித்துக் காட்டுவது ஜப்பானிய மொழியின் அழகுகளில் ஒன்று என்று நான் நினைக்கிறேன். தட்டச்சு செய்யும்போது எந்த எழுத்தைத் தேர்ந்தெடுப்பது என்று கேள்வி வரும் ஒவ்வொரு முறையும், நான் என்ன சொல்ல வருகிறேன் என்று என்னையே அது கேட்பது போல இருக்கும்.

இனி தொரு எட்டாத இடங்களுக்கு வருவோம். மருந்து 'டேக்' செய்வதை 'குசுரி ஒ தொரு' என்று சொன்னால், கேட்பவர் பெரும்பாலும் அலமாரியிலிருந்து மருந்தைக் கையில் எடுப்பதாகத்தான் நினைப்பார். சரியான வினை 'நொமு', அதாவது குடி. மாத்திரைக்கும் அதேதான். நொமு என்பதை 'குடி' என்று மட்டும் மனத்தில் வைத்தால் மாத்திரையைக் குடிப்பதா என்று தோன்றும். மெல்லாமல் தொண்டை வழியே உள்ளே இறக்குவது எல்லாம் நொமு என்று வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். தண்ணீர், சூப், மாத்திரை எல்லாம் அந்த ஒரே வழியில்தான் போகின்றன. கண்ணீரை அடக்குவதற்கும் 'நமித ஒ நொமு' என்று சொல்வார்கள், கண்ணீரை விழுங்குவது. பழைய வழக்கில் புகையிலைக்கும் நொமு உண்டு. தமிழிலும் சுருட்டு குடிப்பது, பீடி குடிப்பது என்று சொல்கிறோம் அல்லவா? அப்படியே.

தேர்வுக்கு வருவோம். ஆங்கிலத்தில் தேர்வையும் 'டேக்' செய்கிறார்கள். தமிழில் நாம் தேர்வு எழுதுகிறோம். இங்கே தமிழ் வழியாகப் போனால் தவறிவிடும். 'எழுது' என்பதற்கான கக்கு என்ற வினையைத் தேர்வோடு சேர்த்து யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'ஷிக்கென் ஒ உக்கெரு' என்பதே வழக்கு. உக்கெரு என்றால் தன்னிடம் வரும் ஒன்றை ஏற்பது. எறிந்த பந்தைத் தாங்குவதும் உக்கெருதான். தேர்வு, நேர்காணல், அறுவை சிகிச்சை மூன்றும் இதே வினையைத்தான் கேட்கும். மூன்றுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். எதிர்ப்பக்கத்தில் ஒருவர் இருந்து ஒன்றைச் செய்கிறார், அது நம்மேல் வந்து படுகிறது. இந்தப் படத்தை மனத்தில் ஏற்றிக்கொண்டால் உக்கெரு வரும் புது இடங்களையும் நீங்களே ஊகிக்க முடியும்.

குளியலுக்கு இரண்டு உண்டு. ஷவரில் குளிப்பது 'ஷவா ஒ அபிரு'. அபிரு என்றால் உடல்மேல் கொட்ட வாங்கிக்கொள்வது. வெயிலையும் அபிரு செய்யலாம், கண்டனத்தையும் செய்யலாம். தொட்டிக் குளியல் 'ஒஃபுரொ நி ஹைரு', அதாவது தொட்டியில் இறங்குவது. ஆங்கிலத்தில் இரண்டுமே 'டேக்'. ஜப்பானிய மொழியோ தண்ணீர் நம்மிடம் வருகிறதா, நாம் தண்ணீருக்குள் போகிறோமா என்று பிரித்துப் பார்க்கிறது.

நடைப்பயிற்சி, குட்டித் தூக்கம் போன்றவற்றுக்கு ரொம்ப யோசிக்க வேண்டாம். அங்கே ஆங்கில வினைக்கே சொந்தப் பொருள் கிடையாது, பாரம் முழுவதும் பெயர்ச்சொல்மேல்தான். நாம் 'பண்ணு' போடுவது போல ஜப்பானியர் 'சுரு' போட்டுவிடுவார்கள்: சன்பொ சுரு, ஹிருனெ சுரு.

வினை மாறினால் உருபும் மாறும்

பஸ்ஸில் போவதை ஆங்கிலத்தில் 'டேக் த பஸ்' என்கிறார்கள். பஸ் அங்கே செயப்படுபொருள். தமிழில் பஸ்ஸை ஏறுவதில்லை, பஸ்ஸில் ஏறுகிறோம். ஜப்பானிய மொழியும் அப்படியே: 'பஸு நி நொரு'. இங்கே 'நி' என்பது நம் 'இல்'. ஆங்கிலத்தைப் பின்பற்றி 'பஸு ஒ நொரு' என்று எழுதுவது தொடக்கநிலை மாணவர்களிடம் அடிக்கடி பார்க்கும் பிழை. தமிழில் 'பஸ்ஸை ஏறினேன்' என்றால் காதில் எப்படி உறுத்துமோ அப்படித்தான் அவர்களுக்கும் உறுத்தும்.

இதைவிடப் பெரிய மாற்றம் நேரத்தில் வருகிறது. ஆங்கிலத்தில் ஒரு வேலை நேரத்தை 'எடுத்துக்கொள்கிறது'. இன்று தமிழிலும் 'இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும்' என்று எழுதுகிறார்கள், அது ஆங்கிலத்தின் நிழல். இயல்பாகப் பேசும்போது 'இரண்டு மணி நேரம் ஆகும்' என்போம். ஜப்பானிய மொழியிலும் 'ஜிக்கன் க கக்கரு'. ஜிக்கன் என்றால் நேரம், அதுதான் எழுவாய். 'க' என்ற உருபு அதைக் காட்டுகிறது. எடுப்பவர் யாரும் இல்லை, நேரம் ஆகிறது, அவ்வளவுதான். பணத்துக்கும் இதே வினை வரும். 'அதைச் செய்யத் தைரியம் வேண்டும்' என்பதை ஆங்கிலம் மறுபடி 'டேக்' போட்டுச் சொல்லும். ஜப்பானியர் 'யூக்கி க இரு' என்பார்கள். யூக்கி தைரியம், இந்த 'இரு'வுக்குப் பொருள் 'வேண்டும்'. தமிழ் வாக்கியத்தை அப்படியே பெயர்த்து வைத்தது போல இருக்கிறது.

கொண்டு போவதும் கூட்டிப் போவதும்

குடையை எடுத்துக்கொண்டு போகிறோம், குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகிறோம். ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல் வைத்திருக்கிறது. ஜப்பானிய மொழி நம்மைப் போலவே பிரிக்கிறது. பொருளுக்கு 'மொத்தெ இக்கு', ஆளுக்கும் நாய் பூனைக்கும் 'ட்சுரெத்தெ இக்கு'. கட்டமைப்பையும் கவனியுங்கள். மொத்தெ என்பது 'வைத்துக்கொண்டு', இக்கு என்பது 'போ'. வினையெச்சமும் வினைமுற்றும் சேரும் நம் முறையேதான். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் இதைப் புரிந்துகொள்ளப் பல நாள் ஆகலாம். தமிழ் பேசுபவருக்கு ஒரு நிமிடம் போதும்.

இந்தச் சுகத்தில் அசந்துவிடக் கூடாது. ஒருவரிடம் பேசும்போது 'நாளைக்கு உங்க வீட்டுக்கு வர்றேன், அந்தப் புத்தகத்தையும் கொண்டு வர்றேன்' என்கிறோம். கேட்பவர் இருக்கும் இடத்தை நோக்கி நகர்வதால் தமிழில் 'வா'. ஆங்கிலத்திலும் அப்படித்தான். பொது ஜப்பானிய வழக்கிலோ நான் இப்போது நிற்கும் இடத்தைவிட்டு விலகினால் அது 'போ'. 'வா'வுக்கான குரு இங்கே வராது. ஆக, 'அஷித்த இக்கு', 'ஹொன் ஒ மொத்தெ இக்கு'. தமிழ்க் காதுக்கு 'நாளைக்கு உங்க வீட்டுக்குப் போறேன்' என்பது போலக் கேட்கும், ஆனாலும் அதுதான் சரி. கியூஷு தீவின் வட்டார வழக்குகளில் மட்டும் இங்கே குரு வருவதுண்டு. தமிழும் ஆங்கிலமும் ஒருசேர ஒரே பக்கம் இழுப்பதால் இந்தப் பிழை சீக்கிரத்தில் போகாது. தொலைபேசியில் 'இதோ வந்துகொண்டே இருக்கிறேன்' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் 'போ' என்று மாற்றிச் சொல்லிப் பழகினால்தான் வரும்.

மரியாதையும் இதில் கலந்திருக்கிறது. ஆசிரியரையோ மேலதிகாரியையோ ட்சுரெத்தெ இக்கு என்று சொல்லக் கூடாது. அது கீழே இருப்பவரை இழுத்துப் போகும் தொனி. வழிகாட்டி அழைத்துச் செல்வதாகவோ, அவருடன் துணையாகப் போவதாகவோதான் சொல்ல வேண்டும். நாமும் பெரியவர்களைக் 'கூட்டிப் போனேன்' என்பதை எழுத்தில் 'அழைத்துச் சென்றேன்' என்று மாற்றுகிறோம். காரணம் ஒன்றே.

பழகிப்போன தொடராகவே சொல்லும் இடங்களும் உண்டு. 'உட்காருங்கள்' என்ற பொருளில் 'டேக் எ சீட்' என்றால் 'ஒக்கக்கெ குதசை'. 'மெதுவாகப் பாருங்கள், அவசரமில்லை' என்ற பொருளில் 'டேக் யுவர் டைம்' என்றால் 'கொயுக்குரி தோஸொ'. விடைபெறும்போது சொல்லும் 'டேக் கேர்', கிளம்புபவரிடம் 'கி ஒ ட்சுக்கெத்தெ', நோயாளியிடம் 'ஒதைஜி நி'. இவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டாம், முழுசாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உடை, கொஞ்சம்

'வேர்' என்ற ஆங்கில வினையும் இதே வகைதான். தமிழில் சட்டை, செருப்பு, கண்ணாடி, மோதிரம் எல்லாவற்றுக்கும் 'போடு' போதும். ஜப்பானிய மொழி உடம்பைப் பங்கு போட்டு வைத்திருக்கிறது. தலைக்குமேல் வருவது கபுரு. சட்டை, கோட்டு கிரு. இடுப்புக்குக் கீழே வரும் கால்சட்டை, காலுறை, செருப்பு எல்லாம் ஹக்கு. கண்ணாடிக்குக் கக்கெரு, மோதிரத்துக்கு ஹமெரு. இதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். ஆனால் 'சட்டை போடுகிறார்' என்பதற்கும் 'சட்டை போட்டிருக்கிறார்' என்பதற்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தானாகவே வரும். கிரு என்றால் போடுவது, 'கித்தெ இரு' என்றால் போட்டிருப்பது. இந்த 'இரு'வின் பொருளும் நம் 'இரு'தான்.

மிஸ் பண்ணுவது

எனக்கு மிகவும் பிடித்தது இது. தமிழ்ப் பேச்சில் 'மிஸ் பண்ணிட்டேன்' என்று எல்லாவற்றையும் சொல்லப் பழகிவிட்டோம். ரயில், படம், வாய்ப்பு, வகுப்பு, பிரிந்துபோன மனிதர் என்று எதையும் விடவில்லை. ஜப்பானிய மொழியிலும் 'மிஸு சுரு' என்று ஒரு கடன்சொல் இருக்கிறது. அதைப் பார்த்ததும் கை தானாக அதன் பக்கம் போகும். ஆனால் அங்கே அதற்குப் பொருள் 'பிழை செய்வது'. கணக்கில் தவறினால் மிஸு. பிரிந்த நண்பரை நினைத்து ஏங்குவதற்கு அதைப் போட்டால், அவர் விஷயத்தில் ஏதோ தப்பு செய்துவிட்டதாகப் போய்விடும்.

ரயிலை விட்டது 'நொரிஒக்குரெரு'. நொரி என்பது ஏறுதல், ஒக்குரெரு தாமதமாவது, அதாவது ஏறத் தாமதமானது. இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டு அடுத்த நிலையம்வரை போய்விட்டால் 'நொரிசுகொசு', ஏறியபடியே கடந்துபோனது. கண்ணில் படாமல் விட்டது 'மினொகசு', காதில் விழாமல் விட்டது 'கிக்கினொகசு'. எதைச் செய்யத் தவறினோம் என்பதை முதல் பாதி சொல்லிவிடும். வகுப்புக்குப் போகவில்லை என்றால் 'யசுமு', அதாவது விடுப்பில் இருப்பது. வேண்டுமென்றே மட்டம் போட்டால் 'சபொரு'. இது பிரெஞ்சு மொழியின் 'சபோத்தாஜ்' என்ற சொல் ஜப்பானுக்குப் போய், சுருங்கி, வினையாக மாறியது. குறி தப்பினால் 'ஹஸுரெரு'.

மனிதரை நினைத்து ஏங்குவதற்கு அன்றாடப் பேச்சில் 'மிஸ் பண்ணு' போல ஒரு வினை வருவதில்லை. 'ஐத்தை' என்றால் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. 'இனக்குத்தெ சபிஷீ' என்றால் நீ இல்லாமல் வெறுமையாக இருக்கிறது. இரண்டிலும் 'நான்', 'உன்னை' என்பவை தேவைப்படுவதில்லை. முடிந்துபோன நாள்களை நினைத்தால் 'நட்சுக்கஷீ', இதில் வலியைவிட இனிமை அதிகம். ஊரையோ உறவையோ நினைத்து மனம் இழுத்தால் 'கொய்ஷீ'. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது இலக்கணக் கேள்வி இல்லை. அந்த மனிதர் திரும்பி வருவாரா மாட்டாரா என்பதைப் பொறுத்துக்கூட அது மாறும். இறந்துபோனவரை நினைத்துச் சொல்லும் ஐத்தையும், மாலையில் பார்க்கப்போகும் காதலிக்குச் செய்தியில் அனுப்பும் ஐத்தையும் சொல்லளவில் ஒன்று, கனத்தில் ஒன்றல்ல.

அகராதியை எப்படிப் பார்ப்பது

ஆங்கில வினையைத் தேடி முதல் பொருளை எடுப்பதற்குப் பதிலாக, பெயர்ச்சொல்லில் தொடங்குங்கள். 'தேர்வு' என்பதன் ஜப்பானியச் சொல்லைத் தேடி, அந்தப் பதிவில் உள்ள எடுத்துக்காட்டுகளில் எந்த வினை கூட வருகிறது என்று பாருங்கள். கொஞ்சம் முன்னேறியவர்களுக்கு இன்னும் நல்ல வழி உண்டு. 1948-இல் தொடங்கப்பட்ட ஜப்பானிய மொழிக்கான தேசிய ஆய்வு நிறுவனம், இக்கால எழுத்து நடையிலிருந்து சுமார் 10 கோடிச் சொற்கள் கொண்ட ஒரு தரவகத்தை உருவாக்கி வைத்திருக்கிறது. புத்தகம், இதழ், செய்தித்தாள் என்று பல வகையிலிருந்தும் திரட்டியது. அதன்மேல் இயங்கும் இணையத் தேடுகருவியில் ஒரு பெயர்ச்சொல்லைக் கொடுத்தால், அதனுடன் எந்த வினை எத்தனை முறை வந்திருக்கிறது என்று காட்டும். 'குசுரி ஒ' என்பதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

இப்போது ஒரு வாக்கியத்தை முழுசாகச் செய்து பார்ப்போம். ஒருவர் தன் தாயை மருத்துவமனைக்கு 'டேக்' செய்தார், அதற்கு மூன்று மணி நேரம் 'டேக்' ஆனது. ஆங்கிலத்தில் இரண்டு 'டேக்'. தாய் மனிதர், ஆகவே முதலாவது ட்சுரெத்தெ இக்கு. நேரம், ஆகவே இரண்டாவது கக்கரு. தன் தாயைப் பற்றி வெளியாரிடம் பேசும்போது ஹஹ என்றுதான் சொல்ல வேண்டும், மரியாதையான ஒக்காசன் அங்கே பொருந்தாது. 'நான்' தேவையில்லை, யார் என்பது தெரிந்ததே. இரண்டையும் இணைப்பது எப்படி? 'மற்றும்' போன்ற சொல்லைத் தேட வேண்டாம். தமிழில் 'போய்ப் பார்த்தால், கடை மூடியிருக்கிறது' என்று நடந்ததைச் சொல்கிறோம். ஜப்பானிய மொழியிலும் 'இத்தெ மித்தர', போய்ப் பார்த்தால், என்று அதே அமைப்பு உண்டு. அதைப் பயன்படுத்தினால்:

'ஹஹ ஒ ப்யோயின் நி ட்சுரெத்தெ இத்தர, சன்ஜிக்கன் மொ கக்கத்த.'

மூன்று மணி நேரத்துக்குப் பின்னால் வரும் 'மொ' சாதாரணமாக நம் 'உம்'. வத்தஷி மொ என்றால் நானும். எண்ணுக்குப் பின்னால் வரும்போது 'இவ்வளவு நேரமா' என்ற அலுப்பைச் சேர்க்கிறது. தமிழில் 'ஆனது' என்று சொல்லாமல் 'ஆகிவிட்டது' என்று சொல்வோமே, அந்த வேலை.

தாயின் இடத்தில் துறைத் தலைவர் இருந்தால் முதல் பாதி முழுவதும் மாறிவிடும். 'புச்சோ நி ஒத்தொமொ ஷித்தெ, ப்யோயின் மதெ இக்கிமஷித்த.' தலைவருக்குத் துணையாக மருத்துவமனைவரை போனேன் என்று பொருள். காரை ஓட்டியவரும் கையைப் பிடித்து நடத்தியவரும் பேசுபவராகவே இருக்கலாம். ஆனால் இந்த வாக்கியத்தில் முன்னால் போகிறவர் தலைவர், பின்னால் போகிறவர் இவர்.